பவுண்டன் பேனா பராமரிப்பு: மையில் எதைக் கலப்பது, உடலில் எதைத் தேய்ப்பது

யாங்கோனில் மே மாத நடுவில் தொடங்கும் பருவமழை அக்டோபர் வரை நீடிக்கிறது. அந்த மாதங்களில் புத்தக அலமாரியில் பிடிக்கும் பூசணம் மைப்புட்டியையும் விட்டுவைப்பதில்லை. அதற்கு முந்தைய மார்ச், ஏப்ரல் வெயிலிலோ, பேனாவுக்குள் நிரப்பி வைத்த மை நீர் வற்றித் தடித்துப்போகிறது. ஈரமும் வெப்பமும் மாறி மாறி வாட்டும் இந்த ஊரில் பவுண்டன் பேனா வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பாட்டனார் கணக்கெழுதிய பழைய பேனாவைப் பாதுகாத்து வருபவர்கள், இரண்டு பொருள்களைத் தேடிப் போகிறார்கள். ஒன்று, மை தடையின்றி இறங்குவதற்காக அதில் கலக்கும் திரவம். மற்றொன்று, மங்கிய உடலைப் பளபளப்பாக்கும் பாலிஷ். இரண்டும் பயனுள்ளவையே. ஆனால் மையில் கலந்துவிட்டதைப் பிரித்தெடுக்க முடியாது. தேய்த்து எடுத்த மேற்பரப்பை மீண்டும் ஒட்டவும் முடியாது. ஆகையால் குறை இன்னதென்று உறுதியாகத் தெரிந்த பிறகே இவற்றில் எதையும் கையில் எடுக்க வேண்டும்.

குறை மையிலா, பேனாவிலா

பவுண்டன் பேனா மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் சாயம் கரைந்திருக்கிறது. மை விரைவில் உலர்ந்துவிடாமல் இருக்கக் கிளைக்கால் போன்ற ஈரம் காக்கும் பொருளும், பூசணத்தைத் தடுக்கும் மருந்தும், நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளும் சிறு அளவில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தக் கடைசிப் பொருள்தான் மையின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. தூய நீர் தன்னைத்தானே இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. பிளாஸ்டிக் மேல் ஒரு சொட்டு விட்டால் அது பரவாமல் உருண்டையாக நிற்பதைக் காணலாம். நிப்புக்கு அடியில் நாக்கைப் போல் நீண்டிருக்கும் பகுதியின் மெல்லிய காடிகள் வழியாக மை ஊர்ந்து வர வேண்டுமானால், அந்தப் பிடிப்பு ஓரளவு தளர வேண்டும். அளவுக்கு மீறித் தளர்ந்தாலோ பேனா மையைக் கக்கும், எழுத்தும் தாளில் ஊறிப் பரவும். தயாரிப்பாளர் இந்த அளவுகளை ஒத்துப் பார்த்துத்தான் புட்டியில் அடைக்கிறார். நாம் சேர்க்கும் ஒவ்வொரு சொட்டும் அந்த ஒழுங்கை மாற்றுகிறது.

பேனா திக்கித் திக்கி எழுதினால், முதலில் அதைக் கழுவ வேண்டும். வெதுவெதுப்பும் இல்லாத சாதாரண நீரை உறிஞ்சி வெளியேற்றுவதைத் திரும்பத் திரும்பச் செய்து, வெளிவரும் நீர் தெளிந்த பிறகு, நிப்பை மெல்லிய துணியில் குத்தி நிறுத்தி ஓரிரவு உலர விட வேண்டும். பிறகு ஒழுங்காக ஓடும் என்று பெயர் பெற்ற சாதாரண நீல மை ஒன்றை நிரப்பிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு வாட்டர்மேன் நீலம் பொருத்தமானது. அது பெரும்பாலான பேனாக்களில் தகராறு செய்வதில்லை. அந்த மையிலும் பேனா திக்கினால் குறை மையில் இல்லை. நிப்பின் பிளவு இறுகியிருக்கலாம், முனைகள் இரண்டும் சமமாக நில்லாமல் ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்திருக்கலாம், அல்லது நிப்பும் நாக்கும் ஒன்றோடொன்று படியாமல் விலகியிருக்கலாம். இவற்றுள் எதையும் மையில் கலக்கும் திரவம் சரிசெய்யாது. நீல மையில் நன்றாக எழுதி, வேறொரு மையில் மட்டும் வறண்டு எழுதினால்தான் சேர்க்கைப் பொருளுக்கு வேலை இருக்கிறது. பெலிக்கான் 4001 வகை மைகளும், இரும்புச் சத்து கலந்த கடுக்காய் மை போன்றவையும் இயல்பிலேயே வறண்ட ஓட்டம் உடையவை என்பது பேனா ஆர்வலர்கள் பலரும் அறிந்தது.

வெயில் மாதங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில நாட்கள் மூடியபடியே இருந்த பேனா, எடுத்தவுடன் கருமையாகவும் தடிப்பாகவும் எழுதினால், அதன் மையில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். அதற்கு வேண்டிய சேர்க்கைப் பொருள் தண்ணீர் மட்டுமே. பேனாவுக்குள் மையை உறிஞ்சி வைக்கும் சிறு குழாயான கன்வெர்ட்டரைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டு, மெல்ல ஆட்டி, மீண்டும் பொருத்தினால் பெரும்பாலும் போதும். இந்த நீர் வண்டி பேட்டரி விற்கும் கடைகளில் கிடைக்கும். ஆனால் அதே கடையில் அதே போன்ற புட்டியில் அமிலமும் விற்பார்கள் என்பதால், கேட்டு, படித்து, உறுதிசெய்து வாங்க வேண்டும். பேனாவைக் கழுவுவதற்கு வீட்டுக்கு வரும் 20 லிட்டர் குடிநீரே போதுமானது. மையில் கலப்பதற்குக் குழாய் நீர் ஆகாது, ஏனெனில் அதில் கரைந்துள்ள உப்புகள் சாயத்தோடு சேர்ந்து படிவாக இறங்கக்கூடும்.

ஓட்டத்தைக் கூட்டும் சேர்க்கை

மையின் ஓட்டத்தைக் கூட்டுவதற்கென்றே விற்கப்படும் திரவங்கள் உள்ளன. அமெரிக்காவின் வேனெஸ் நிறுவனம் விற்கும் ஒயிட் லைட்னிங் அவற்றில் ஒன்று. பழைய புகைப்படக்காரர்களுக்குத் தெரிந்த கோடாக் போட்டோ ஃபுளோ 200 என்ற திரவத்தையும் பேனா பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். கழுவிய பிலிம் சுருளில் நீர்த்திட்டுகள் நிற்காமல் வழிந்தோட வேண்டும் என்பதற்காக, ஒரு பங்குக்கு 200 பங்கு நீர் என்ற கணக்கில் கலந்து பயன்படுத்தத் தயாரிக்கப்பட்டது அது. அந்தக் கணக்கே நமக்கு ஓர் எச்சரிக்கை. அத்தனை வீரியமுள்ள திரவத்தை நேரடியாகப் பேனாவுக்குள் சொட்டவிடக் கூடாது.

நான் பரிந்துரைக்கும் முறை இது. 10 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் போட்டோ ஃபுளோ ஒரே ஒரு சொட்டு விட்டு ஒரு நீர்த்த கலவையைத் தயாரித்துக்கொள்ளுங்கள். மைப்புட்டியைத் தொடாமல், 3 மில்லி மையை மட்டும் சிரிஞ்சால் எடுத்து ஒரு சிறு குப்பியில் விட்டு, அதில் நீர்த்த கலவையிலிருந்து ஒரு சொட்டைச் சேர்த்து மெல்லச் சுழற்றுங்கள். குலுக்கினால் நுரைக்கும். பிறகு மையில் தொட்டு எழுதும் பேனாவையோ கண்ணாடி நிப்பையோ அதில் தோய்த்து, நீங்கள் வழக்கமாக எழுதும் தாளில் ‘ழ’ போன்ற வளைவுகள் உள்ள எழுத்துகளைச் சற்று விரைவாக எழுதிப் பார்க்க வேண்டும். கோட்டின் விளிம்பில் மயிரிழை போன்ற கிளைகள் தோன்றினாலும், தாளின் மறுபுறம் புள்ளிகள் தெரிந்தாலும், கலவை அதிகமாகிவிட்டது. கொஞ்சம் கலக்காத மையைச் சேர்த்துத் தணிக்கலாம். விளிம்பு கூர்மையாகவே இருந்தால் பேனாவில் நிரப்பி ஒரு நாள் முழுவதும் எழுதிப் பார்த்துவிட்டு, தேவையானால் மட்டுமே அடுத்த சொட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே கிடைக்கும் பள்ளி நோட்டுத் தாள்கள் பல, மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கலக்காத மையையே ஊறவிடும் நிலைக்கு வந்துவிடுகின்றன. எனவே ஏப்ரலில் சரியாக இருந்த அளவு ஜூலையில் அதிகமாகத் தோன்றலாம். குப்பியின் மேல் மையின் பெயரையும் எத்தனை சொட்டு, என்றைக்குக் கலந்தது என்பதையும் எழுதி ஒட்டி வைப்பது இதற்காகத்தான்.

பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவமும் பரப்பு இழுவிசையைக் குறைக்கத்தானே செய்கிறது, அதையே கலந்தால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. கழுவும் நீரில் ஒரு சொட்டு சேர்ப்பதில் தவறில்லை. மையில் சேர்க்கக் கூடாது. அந்தத் திரவத்தைத் தடிப்பாக்க உப்பும், கவர்ச்சிக்காக வாசனையும் நிறமும் சேர்த்திருப்பார்கள். உப்பு எஃகு நிப்பை அரிக்கும், மற்றவை சாயத்தோடு என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கிளிசரின் வேறு வகை. அது ஓட்டத்தைக் கூட்டுவதில்லை, நிப்பின் முனையில் மை உலர்வதைத் தாமதப்படுத்துகிறது. மாண்டலே போன்ற வறண்ட பகுதியில், மூடியைக் கழற்றிய சிறிது நேரத்திலேயே நிப்பு காய்ந்துவிடும் பேனாவுக்கு, மிகச் சிறு அளவு உதவும். யாங்கோனிலோ மோல்மேனிலோ மழைக்காலத்தில் அதைச் சேர்ப்பவர், எழுதிய பக்கம் உலராமல் உள்ளங்கையில் ஒட்டிக்கொள்வதைத்தான் காண்பார், ஏனெனில் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும்.

பிசினைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் மை காய்ச்சும் பழைய செய்முறைகளில் கருவேலம் பிசின் சேர்ப்பது வழக்கம். தொட்டு எழுதும் பேனாவுக்கு அது நல்ல மை. பவுண்டன் பேனாவுக்குள் அந்த மை போனால் பிசின் காடிகளில் உலர்ந்து இறுகி, பேனாவைப் பிரித்துச் சுரண்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஓவியர்களின் கரி மையும் அப்படியே.

பூசணம்

புட்டியைத் திறந்ததும் அடைத்துக் கிடந்த துணிமூட்டையின் நாற்றம் வந்தால், அல்லது மையின் மேல் மெல்லிய ஏடு படிந்திருந்தால், அல்லது நிப்பை எடுக்கும்போது வழுவழுப்பான நூல் ஒன்று தொங்கினால், அது பூசணம். இந்த மையைக் காப்பாற்ற எந்தச் சேர்க்கையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வடிகட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத வித்துகள் மையிலேயே இருக்கும், அடுத்து நிரப்பும் பேனாவுக்கும் பரவும். முந்தைய காலத்தில் மைகளில் பீனால் சேர்த்தார்கள் என்பது உண்மை. அதை நாமே வாங்கிச் சேர்ப்பது ஆபத்து. அது தோலைச் சுடும் நஞ்சு. கிராம்பு எண்ணெய் விடலாம் என்ற யோசனையும் வீணானது, ஏனெனில் எண்ணெய் மையில் கரையாது, சில பிளாஸ்டிக் வகைகளையும் அது இளக்கிவிடும்.

வரும்முன் தடுப்பதுதான் வழி. பேனாவைப் புட்டிக்குள் முக்கி நிரப்பாமல், வேண்டிய அளவை சிரிஞ்சால் எடுத்துச் சிறு குப்பிக்கு மாற்றி, அதிலிருந்து நிரப்புங்கள். பேனாவில் மிஞ்சிய மையை மீண்டும் புட்டியில் ஊற்றாதீர்கள். மழைக்காலத்தில் பயன்படுத்தாத பேனாவைக் கழுவிக் காலியாக வையுங்கள். பூசணம் பிடித்த பேனாவின் பிளாஸ்டிக் கன்வெர்ட்டரை மட்டும், ஒரு பங்கு வீட்டு பிளீச்சும் பத்துப் பங்கு நீரும் கலந்த கரைசலில் சில நிமிடங்கள் வைத்து நன்றாக அலசலாம். உலோகப் பகுதிகளை அதில் போடக் கூடாது. பிளீச்சையும் அம்மோனியாவையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. அந்தக் கலவையிலிருந்து நச்சு வாயு எழும்.

அம்மோனியாவைச் சொன்னதற்குக் காரணம், உலர்ந்து இறுகிய மையைக் கரைக்கும் கழுவுநீரில் அது பயன்படுகிறது என்பதே. வாசனை சேர்க்காத வீட்டு அம்மோனியா ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு, சோப்புத் திரவம் ஒரு சொட்டு. அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம். பித்தளை, அலுமினியப் பகுதிகளுக்கும், பாலின் கேசினிலிருந்து செய்த பழைய பேனாக்களுக்கும் இது ஆகாது. இரும்பு மை படிந்த பேனாவுக்கு அம்மோனியா எதிர்விளைவைத் தரும், ஏனெனில் காரம் இரும்பைப் படியச் செய்யும். அதற்கு நீரில் அலசிய பின் வைட்டமின் சி தூளை நீரில் கரைத்துப் பயன்படுத்த வேண்டும். ஸ்பிரிட்டும் நகப்பூச்சு நீக்கியும் எந்தப் பேனாவின் அருகிலும் வரக் கூடாது. செல்லுலாய்டை அவை கரைத்துவிடும், வேறு பல பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழச் செய்யும். 1941இல் வெளிவந்த பார்க்கர் 51 போன்ற பேனாவில், மூடிய நிப்பைச் சுற்றியுள்ள மை தேக்கும் பகுதி நிறைய மையைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், எத்தனை முறை அலசினாலும் நீல நிறம் கசிந்துகொண்டே இருக்கும். அங்கே வேதிப்பொருளின் அளவைக் கூட்டுவதைக் காட்டிலும், நீரில் நிற்கவைத்து நாள்தோறும் நீரை மாற்றுவதே நல்லது.

பாலிஷ்

பாலிஷ் என்பது சன்னமான அரம். மேற்பரப்பில் ஒரு படலத்தை எடுத்துவிட்டுத்தான் அது பளபளப்பைத் தருகிறது. பேனாவின் உடலில் பொறித்த தயாரிப்பாளர் பெயரும், பழைய பேனாக்களில் கடைந்த அலை வரிகளும் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கின்றன. அவை ஆழமற்றுத் தெரியும் பேனாவை நான் பாலிஷ் செய்ய மாட்டேன். மங்கிய பெயரோடு இருக்கும் பேனா, பெயரில்லாமல் பளபளக்கும் பேனாவைவிட மதிப்பு மிக்கது.

எனவே முதலில் துடைக்க வேண்டும். மழைக்காலத்து மங்கலில் பெரும்பங்கு கை எண்ணெயும், வியர்வை உப்பும், மெல்லிய பூசணப் படலமும்தான். மரப்பட்டையை அரைத்த தனகாச் சாந்து பூசிய கையோடு எழுதுபவர்களின் பேனாவில், மூடி திருகும் மரைகளில் வெளிர் மஞ்சள் தூள் காய்ந்து அடைந்திருக்கும். நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்தால் இவை எல்லாம் போய்விடும். அதன் பிறகும் மங்கலாக இருந்தால்தான், உடல் எந்தப் பொருளால் ஆனது என்று பார்க்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்தால், கடின ரப்பரான எபோனைட்டில் கந்தக வாசனையும் செல்லுலாய்டில் கற்பூர வாசனையும் வரும். எந்த வாசனையும் இல்லாமல் கண்ணாடி போல் வழவழப்பாக இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக்.

அக்ரிலிக்தான் எளிது. நோவஸ் 2 போன்ற பிளாஸ்டிக் பாலிஷை ஒரு பொட்டளவு துணியில் எடுத்து, நீளவாக்கில் தேய்த்து, கீறல் மறைந்ததும் நோவஸ் 1 கொண்டு துடைத்தால் போதும். ஆழமான கீறலுக்கு மைக்ரோ மெஷ் என்ற உரசுபட்டைகளை நீரில் நனைத்து, கரடான எண்ணிலிருந்து 12000 வரை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல வேண்டும். இடையில் ஒன்றைத் தாவினால் முந்தைய பட்டையின் கீறல் அப்படியே நின்றுவிடும்.

எபோனைட் பொறுமையைக் கேட்கும் பொருள். தமிழ்நாட்டுத் திருவள்ளூரிலும் ஆந்திரத்து ராஜமுந்திரியிலும் கடைந்து செய்யப்படும் பேனாக்களும், நூறாண்டுப் பழமையான கறுப்புப் பேனாக்கள் பலவும் எபோனைட்டால் ஆனவை. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்து இறுக்கிய இந்தப் பொருள், வெளிச்சமும் ஈரமும் பட்டால் கறுப்பு மாறிப் பழுப்பாகவும் பாசி நிறமாகவும் வெளுக்கும். அதனால் எபோனைட் பேனாவை நீரில் ஊறவைக்கக் கூடாது, சுடுநீர் படவே கூடாது. வெளுத்ததை மீட்க, மூடியின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் முதலில் சோதித்துவிட்டு, மிகச் சன்னமான பட்டையால் உலர்வாகவே தேய்க்க வேண்டும். துணியிலும் பட்டையிலும் மஞ்சள் பழுப்பான தூள் ஏறும், கந்தக நாற்றம் எழும். அந்தத் தூளின் நிறம் கறுப்பாக மாறத் தொடங்கும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பது நல்ல எபோனைட்டைத் தின்பது. கறுப்பு ஏறுவதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். இரண்டு நாள் அழகாக இருக்கும், பிறகு சிக்கு நாற்றமெடுத்துத் தூசியைப் பிடிக்கும், உள்ளே ரப்பர் பை இருந்தால் அதையும் இளக்கும்.

உலோகத்துக்கு வருவோம். வீட்டில் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் கொண்டு துலக்கும் கை, பேனாவின் கிளிப்பையும் அப்படியே துலக்க நினைப்பது இயல்பு. கிளிப்பில் இருப்பது பெரும்பாலும் தங்க முலாம்; அது சாம்பலுக்கு ஈடுகொடுக்காது, அடியிலுள்ள பித்தளை வெளுத்துக்கொண்டு தெரியும். முலாம் பூசிய எதற்கும் மென்மையான துணி தவிர வேறொன்றும் வேண்டாம். கட்டியான வெள்ளிக்கு வெள்ளி துடைக்கும் துணி போதும். சிமிக்ரோம் போன்ற பசை பாலிஷ், முலாம் இல்லாத உலோகத்துக்கு அரிசியளவு பயன்படுத்தத் தக்கது; பிராஸோவைச் செல்லுலாய்டின் அருகில் கொண்டுபோகக் கூடாது. பற்பசை தேய்ப்பதையும் நான் ஏற்பதில்லை. அதன் துகள்களின் கரடு ஒவ்வொரு பசைக்கும் வேறுபடும், மரையில் புகுந்தால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும்.

பாலிஷுக்குப் பின் மெழுகு பூசுவது அக்ரிலிக்குக்குத் தேவையில்லை. எபோனைட்டுக்குக் கார்னோபா மெழுகு மிக மெல்லிய ஒரு பூச்சாக இருந்தால் கை ஈரம் நேரடியாகப் படாமல் காக்கும். செல்லுலாய்டுக்கு மெழுகு வேண்டாம். அந்தப் பொருள் காலப்போக்கில் வாயுவை வெளியிடும், அதற்குக் காற்றோட்டம் தேவை. செல்லுலாய்டுப் பேனாக்களை இறுக மூடிய டப்பாவில் மற்ற பேனாக்களோடு சேர்த்து அடைத்து வைக்கவும் கூடாது, அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வைக்கவும் கூடாது, ஏனெனில் அது எளிதில் தீப்பற்றும்.

கடைசியாக உயவுப் பொருள். பேனாவுக்குள் மையை உறிஞ்சும் பிஸ்டன் இறுகித் திருகக் கடினமாக இருந்தால், சுத்தமான சிலிக்கோன் கிரீஸை ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்துப் பேனா உடலின் உட்சுவரில் தடவி, பிஸ்டனை மேலும் கீழும் ஓட்ட வேண்டும். வாசலினும் தையல் இயந்திர எண்ணெயும் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். உடலுக்குள்ளேயே மை நிரப்பும் பேனாவின் மரைக்கும் இதே கிரீஸ் பொருந்தும். அத்தகைய பேனா வெயில் நாளில் மை கக்கினால் அதற்குக் காரணம், கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளுவது. மை கால்பங்குக்குக் கீழே இறங்குமுன் மீண்டும் நிரப்பிவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். மரையில் கிரீஸை மிகுதியாகப் பூசினால் அது மைக்குள் இறங்கி நாக்கின் காடிகளில் படியும், அந்த இடத்தில் மை ஒட்டாமல் விலகி ஓடும். அப்படி ஆகிவிட்டால் மையில் எதையும் கலக்காமல், நாக்கைக் கழற்றிச் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்ட நீரில் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் காடிகளின் நீளவாக்கில் தேய்த்து, நன்றாக அலசி உலர்த்திய பிறகே திரும்பப் பொருத்த வேண்டும்.